தேசம்மா தின்ற மஞ்சள் பொடி

நான் வேலை பார்த்த லேபில் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். சாம்பிள் குப்பிகளை வரிசையாக அடுக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமாம். அதுவே உறிஞ்சி, அதுவே அளந்து, ரிசல்ட்டை போனுக்கு அனுப்பிவிடுமாம். என்னைப் பார்க்க வந்த ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் கண்கள் விரியச் சொன்னார்கள். "உங்க காலத்துல எப்படி மேடம் சமாளிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். 'உங்க காலம்' என்றதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஓய்வு பெற்ற அன்று வாங்கிய டீத்தூள் பாக்கெட்டே இன்னும் தீரவில்லை, அதற்குள் நான் ஒரு காலம் ஆகிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சுற்றிலும் இரும்பு உருக்குகிற கம்பெனிகளாக இருக்க, நடுவில் எங்களுடையது மட்டும் மஞ்சள் காய்ச்சுகிற கம்பெனி. மஞ்சள், மாதுளைத் தோல், திராட்சை விதை, தேயிலை என்று எது வந்தாலும் அதிலிருந்து பாலிபீனாலைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்வோம். பாலிபீனால் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். வாழைக்காய் நறுக்கினால் கை கறுக்கிறதே, பாக்கு போட்டால் நாக்கை இழுக்கிறதே, நாவல்பழம் தின்றால் வாய் ஊதாவாகிறதே, எல்லாம் அதன் வேலைதான். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பதை நாம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் பறித்துக்கொள்கிறோம்.

கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். எவ்வளவு கழுவினாலும் விரல்களில் மஞ்சள் போகாது. லேடீஸ் பெட்டியில் புதிதாக ஏறுகிறவர்கள், "ஊட்ல கல்யாணமாம்மா?" என்று விசாரிப்பார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "ஆமாம், தினம் ஒண்ணு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். பயிற்சிக் காலம் முழுவதும் குடுவை கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குடுவைகள் சுத்தமாக இருந்தன.

எழுத வேண்டியது பாஸ்கர் சாரைப் பற்றி. லேப் மேனேஜராக வந்து சேர்ந்த அவர் என்னைவிட வயதில் சிறியவர். திருநின்றவூரில் பிளாட் வாங்கியிருந்தார். அங்கிருந்து ஒரு ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, இன்னொரு ரயில் மாறி வருவார். வந்து சேர்வதற்குள் சட்டை கசங்கி, தலை கலைந்து, பாதி நாள் முடிந்தவர் மாதிரி இருப்பார். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டால் வேறு ஆள். சத்தம் போட மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். நாம் கொண்டுபோய்க் காட்டும் ரிசல்ட்டைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"பிளாங்க் எங்க?"

பாலிபீனால் அளப்பது பார்க்க அழகான வேலை. சாம்பிள் கரைசலில் மஞ்சளான ஒரு திராவகத்தைச் சொட்டுவோம். பிறகு சோடா உப்புக் கரைசல். கொஞ்ச நேரம் இருட்டில் வைத்து எடுத்தால் நீலமாக மாறியிருக்கும். பாலிபீனால் அதிகம் இருந்தால் நீலம் அதிகம். அந்த நீலத்தைக் கருவியில் வைத்து அளப்போம். இதனோடு இன்னொரு குடுவையும் வைக்க வேண்டும். அதில் சாம்பிளைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். அதற்குப் பெயர்தான் பிளாங்க். சாம்பிளே போடாத குடுவையும் நீலமானால், கோளாறு திராவகத்தில் இருக்கிறது, நாம் சந்தோஷப்படக் கூடாது. அவ்வளவுதான் தத்துவம். ஆனால் பாஸ்கர் சார் அதை லேபுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சாம்பார்தான் காரணம் என்று சமையல்காரரை ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்கர் சார் மெல்ல வந்து, "சாம்பார் ஊத்திக்காம தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டது யாரு?" என்று கேட்டார். மூன்று பேர் கை தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் கழிப்பறை வரிசையில் நின்றவர்கள். கடைசியில் குற்றவாளி தண்ணீர் டிரம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து சமையல்காரர் அவருக்கு மட்டும் அப்பளம் கூடுதலாக வைப்பார். நாங்கள் அவருக்கு 'பிளாங்க் சார்' என்று பெயர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும்.

பிறகு கம்பெனிக்குப் புற்றுநோய் ஆசை வந்தது. மஞ்சளின் பாலிபீனால் புற்றுச் செல்லைக் கொல்லுமா என்று நாமே சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சின்ன அறை கட்டினார்கள். குழிப்பணியாரச் சட்டி போல வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி புற்றுச் செல்களை வளர்த்து, அதில் எங்கள் பொடியை விட வேண்டும். பொடி தண்ணீரில் கரையாது, மிதக்கும். அதனால் ஒரு கரைப்பானில் கரைத்து விட்டார்கள். மறுநாள் பார்த்தால் செல்லெல்லாம் காலி. சேல்ஸ் மேனேஜர் ஆள் அனுப்பி ஜாங்கிரி வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

பாஸ்கர் சார் தட்டைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். கேட்டார். வெறும் கரைப்பானை மட்டும் விட்ட குழி ஒன்று கூட இல்லை. அதையும் செய்து பார்த்தபோது, பொடியே இல்லாத குழியிலும் செல்லெல்லாம் காலி. கரைப்பானை அளவுக்கு மேல் விட்டிருந்தார்கள். செத்தது அதனால். அதற்குள் ஜாங்கிரி வந்துவிட்டது. திருப்பி அனுப்பவா முடியும்? பாஸ்கர் சார் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அளவைச் சரிசெய்து மறுபடி செய்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், எங்கள் பொடி கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்தது. சேல்ஸ் மேனேஜர் மறுபடி துள்ளினார். பாஸ்கர் சார், "தட்டுல கொன்னுதுன்னு எழுதுங்க. தட்டுல இருக்கிற செல்லு பினாயில் ஊத்தினாலும் சாவும். வாய் வழியா சாப்பிட்டா இது ரத்தத்துல சேர்றதே ரொம்பக் கொஞ்சம், மீதிய உடம்பு வெளிய தள்ளிடும். மனுஷங்களுக்கு வேலை செய்யுமாங்கறது வேற ஆராய்ச்சி, அத டாக்டருங்க செய்யணும்" என்றார். அவர் எழுதிய ரிப்போர்ட்டில் 'தட்டில்' என்ற சொல் இருந்தது. அச்சாகி வந்த வண்ணத் துண்டுப்பிரசுரத்தில் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படித்தார்களோ என்னவோ, எங்கள் ஆட்கள் கேன்டீன் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தார்கள்.

இப்போது நாகமுத்துவுக்கு வருகிறேன். அவர் அரவை இயந்திரத்தின் ஆபரேட்டர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் அவருடைய ஊர். படகு வேண்டாம், கம்பெனி வேலைதான் வேண்டும் என்று வந்தவர். அவர் மனைவி தேசம்மா ஏரியில் வரும் இறாலையும் மடவை மீனையும் வாங்கி, கூடையில் எடுத்துவந்து கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் விற்பாள். எனக்கு அவரைவிட அவளைத்தான் முதலில் தெரியும். பேரம் பேசினால், "லேபுல அளக்குற மாரி இங்கயும் அளக்காதக்கா" என்பாள்.

அரவைப் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்ச் முடிந்ததும் இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்வார்கள். தூசு பிடிக்கிற துணிப்பையின் மடிப்புகளில் பொடி அப்பியிருக்கும். அது எங்கள் சோதனைக்கு வராத பொடி, குப்பை டிரம்முக்குப் போக வேண்டியது. ஆனால் போகாது. அதற்கு அவர்கள் 'பிரசாதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டிபன் பாக்ஸின் மேல்தட்டில் கொஞ்சம் வீட்டுக்குப் போகும். சிராய்ப்புக்குப் பூசுவார்கள், சளிக்குப் பாலில் போடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தேசம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில், முதலில் ஊசி மருந்து, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் என்று முடிவு செய்து ஊசியைத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில் அவள் இடம் காலியாகிவிட்டது. நாகமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் லேப் ஜன்னலில் வந்து நின்றார்.

"எக்கா, நேத்து அரைச்ச பேட்ச்சு எப்டி வந்துகீது? ஸ்ட்ராங்கா?"

"உனக்கு எதுக்கு நாகமுத்து? கொழம்புல போடப் போறியா?" என்றேன். வாய் இருக்கிறதே என்று பேசினேன். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்சுக்கும் வந்து கேட்டார். பிறகு ஒரு நாள் கேன்டீனில் எல்லோருக்கும் அவர் செலவில் பக்கோடா.

"தேசு நேத்து ரெண்டு தபா சோறு வாங்கித் துன்னுச்சுக்கா! முடி கூட மொளைக்குது. எல்லாம் நம்ம பிரசாதம்தான். மூணு வேளையும் நானே கொழம்புல கலந்து குடுக்குறேன்."

கூட்டம் கைதட்டியது. ஃபிட்டர் ஒருவர், தன் மாமனாருக்குக் கொஞ்சம் வேண்டும் என்று அங்கேயே சொல்லி வைத்தார். நான், "ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்குக்கா போவணும்? ஊசிய வுட்டாச்சு. அந்த ஊசிதான் அவள அப்டி வாட்டிச்சு. வுட்டதும் பாரு, ஆளே மாறிட்டா."

என் கையில் பக்கோடா அப்படியே நின்றது. அவர் வாயாலேயே விடையைச் சொல்லிவிட்டார், அவர் காதில்தான் அது விழவில்லை. ஊசியால் முடி கொட்டியது, வாந்தி வந்தது. ஊசியை நிறுத்தியதும் முடி முளைத்தது, பசி வந்தது. அதே வாரத்தில் பொடி தொடங்கியதால் புண்ணியம் பொடிக்குப் போய்விட்டது. உள்ளே கட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாஸ்கர் சாரிடம் ஓடினேன். முதல் தடவையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நம்ம பிரசுரம் செவுத்துல தொங்குதே மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பொன்னேரி வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். அவர் கையில் சுருட்டிய சார்ட் ஒன்று இருந்தது. ரத்தத்தில் எவ்வளவு சேரும், தட்டில் எவ்வளவு விட்டோம் என்று கலர் கலராக வரைந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தைரியம் ஒவ்வொரு விதமாக வருகிறது.

தேசம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் அரை அங்குல முடி. நாகமுத்து எங்களை விடவில்லை, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தட்டு வைத்தார். மடவை மீன் குழம்பு. நிறத்தைப் பார்த்தால் சுவருக்கு அடிக்கலாம். பாஸ்கர் சார் மரியாதைக்காக முழுவதும் சாப்பிட்டுவிட்டு, மஞ்சளான பற்களோடு சார்ட்டை விரித்தார். ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் பலன் எதனால் என்று சொல்ல முடியாது என்பதில் தொடங்கி, கல்லீரல் வரைக்கும் போனார். சில மருந்துகளோடு இந்தப் பொடி சேர்ந்தால் மருந்தின் வேலையையே கெடுக்கலாம் என்றார். நாகமுத்து, "சாரு சொல்றது உங்க லேபுக்கு. இது என் பொண்டாட்டி" என்றார். சார் சார்ட்டைச் சுருட்டினார்.

தேசம்மா இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே, "யோவ், சாரு இம்மாந்தூரம் வந்துகீறாரு. கூட்டினு போய் ஏரியக் காட்டுய்யா" என்றாள். இரண்டு பேரும் போனார்கள். அவர்கள் மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொடி ஒரு மண்ணும் பண்ணாதுன்னு எனுக்குத் தெரியும்க்கா."

"பின்னே?"

"நானா கேட்டேன்? அந்தாளு கலந்து குடுத்தாரு. நல்லாகுதான்னு கேட்டாரு. நல்லாகுதுன்னேன். ஊசிக்குப் போவாத இருக்க எனுக்கு ஒரு சாக்கு வேணும்." கை இறாலில் இருந்தது, குரல் மட்டும் இறங்கிவிட்டது. "அந்த செவப்பு மருந்து ஏத்துவாங்க பாரு, அத்தப் பாத்தாலே கொமட்டுது. ஊட்டுக்கு வந்தா மீன் வாசன ஆவல. மீன்காரிக்கு மீன் வாசன ஆவலன்னா நான் இன்னாத்துக்குக்கா இருக்கணும்? ரயில்ல வாந்தி எடுத்துக்கினே வரணும். இந்தாளு கூட வந்தா எம்மூஞ்சப் பாத்துப் பாத்து அழுவுறாரு. ஊசிய வாங்குவனா, இவர சமாதானம் பண்ணுவனா? அது பெரிய பேஜாரு."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "சாவறதுன்னு முடிவு பண்ணிட்டா எங்க பொடியத் துன்னுட்டு சாவாதடி. எக்ஸ்போர்ட் ஆர்டர் கெட்டுப்போவும்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். தேசம்மா ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். இறால் வாசனையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது, அவள் செத்துப்போவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். சார்ட்டில் அது இல்லை.

"அந்தாளு வராம இருந்தா போவியா?"

"யாரு வருவாங்க?"

"நான் வர்றேன்."

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். தேசம்மா, "சளிக்குக் கொஞ்சம் மஞ்சத்தூளு சாப்ட்டேன்" என்று மழுப்பினாள். நான் இடையில் புகுந்து, "கொஞ்சம் இல்ல டாக்டர், சமையல் மஞ்சளும் இல்ல. நாங்க கப்பல்ல அனுப்பற சமாச்சாரம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டினார். கம்பெனியில் வேலை பார்த்த பாவத்துக்கு என்னையும் சேர்த்துத் திட்டினார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வரும் வரை நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுவதும் மற்றவர்களைக் காக்க வைத்து ரிசல்ட் கொடுத்தவள். காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

கல்லீரல் தப்பித்திருந்தது. கட்டி மறுபடி வளர ஆரம்பித்திருந்தது, ஆனால் கைமீறவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு வாந்தி எவ்வளவு இருந்தது என்று கேட்டார். தேசம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"இவ்ளோ வாந்தின்னு ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீங்க வேலையா இருந்தீங்க."

"அதுக்கு மாத்திரை இருக்கும்மா! மாத்தித் தர்றேன்."

தேசம்மா என்னைப் பார்த்தாள். ஊசியோடு இலவச இணைப்பாக வாந்தியும் வரும் என்றே அவள் நினைத்திருந்தாள். மாத்திரையை மாற்றியதும் வாந்தி நிற்கவில்லை, ஆனால் தாங்குகிற அளவுக்குக் குறைந்தது.

பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் நான் லீவு போட்டேன். நான் போக முடியாத நாட்களில் அவளோடு மீன் விற்கும் பெண்கள் மாறி மாறிப் போனார்கள். அவளோடு ஒரே பெட்டியில் உட்கார வேண்டும் என்பதற்காகக் கூடைகளை வெண்டர் பெட்டியில் வேறு ஆளிடம் விட்டுவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வருவார்கள். சந்தையில் ஒரு ரூபாய்க்கு ஊரைக் கூட்டுகிற பெண்கள், மீன் வாசனை அவளுக்கு ஆகாது என்று யாரும் சொல்லாமலே செய்தார்கள். ஊசி முடிந்து ஆபரேஷன் நடந்தது, பிறகு கதிர்வீச்சு; எங்கள் பக்கம் அதற்குக் 'கரண்டு வைப்பது' என்று பெயர்.

நாகமுத்துவிடம் தேசம்மாவின் பயத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளே சொன்னாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு நாள் லேப் ஜன்னலில் வந்து நின்று, "அப்ப நான் இன்னாதாங்க்கா பண்றது?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய உருவம் குழந்தை மாதிரி நின்றது.

"கொழம்பு வை. கடைல விக்கிற மஞ்சத்தூளு ஒரு சிட்டிகை போதும்" என்றேன்.

பாஸ்கர் சார் சுவரிலிருந்த பிரசுரத்தைத் தன் கையாலேயே கிழித்தார். அரவை இயந்திரத்துக்குக் கீழே பாதி தண்ணீர் நிரப்பிய டிரம் ஒன்றை வைக்கச் செய்து, துணிப்பையை அதற்குள்தான் உதற வேண்டும் என்றார். பிரசாதம் நின்றது. அரவைப் பகுதி ஆட்கள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பாலிபீனால் மேல் அவருக்கும் கோபமில்லை, எனக்கும் இல்லை. எனக்குச் சோறு போட்டது அதுதான். தேநீர் குடிக்கிறேன், மாதுளை தின்கிறேன். என்றாவது ஒரு நாள் யாராவது ஒழுங்காகச் சோதித்து அதிலிருந்து மருந்து கொண்டுவந்தால் முதல் ஜாங்கிரி என் செலவு. அதுவரை மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

என் ஓய்வு விழாவுக்கு நாகமுத்துவும் தேசம்மாவும் ஜோடியாக வந்தார்கள். இப்போது வருடத்துக்கு ஒரு தடவைதான் செக்கப்புக்குப் போகிறாள். எனக்குப் பையில் உயிர் நண்டு கொண்டுவந்திருந்தாள். அவள் கதை யார் மூலமோ புதிதாகச் சேர்ந்திருந்த மார்க்கெட்டிங் அதிகாரியின் காதுக்குப் போய்விட்டது, அதிலும் பாதிக் கதை. அவர் போனை நீட்டிக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்குக் கேன்சர் குணமாச்சாமே. என்ன சாப்பிட்டீங்கன்னு நம்ம கஸ்டமருங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "செவப்பு ஊசி போட்டாங்க. ஆபரேசன் பண்ணாங்க. கரண்டு வச்சாங்க. பொழச்சிக்கினேன்" என்றாள்.

"அது சரிம்மா. நம்ம கம்பெனி பொடியும் சாப்பிட்டீங்க இல்ல? அதச் சொல்லுங்க."

"அத்தயும்தான் துன்னேன்," என்றாள் தேசம்மா, போனை நேராகப் பார்த்து. "அப்டியும் பொழச்சிக்கினேன்."

முதலில் கைதட்டியது நாகமுத்துதான்.